நெய்வேலிக்குக் குடிவருகிறவர்களுக்கு: சுரங்கத்திலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

நெய்வேலியில் வேலை கிடைத்தோ மாற்றலாகியோ குடும்பத்தோடு வந்து சேர்கிறவர்கள் முதலில் வீட்டைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் மருத்துவமனையைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியவைதாம். ஆனால் இந்த ஊரில் குழாயில் வரும் தண்ணீர், சன்னல் விளிம்பில் படியும் தூசி, பக்கத்து வீட்டுக்காரர் பகலில் உறங்குவதற்கான காரணம், ஊருக்கு வெளியே வாங்க நினைக்கும் மனையின் எதிர்காலம் ஆகிய அனைத்தும் சுரங்கத்தோடு பிணைந்தவை. சுரங்கத்தைப் புரிந்துகொண்டவருக்கு நெய்வேலியில் எதுவும் புதிராக இராது. அதனால்தான் இந்த வழிகாட்டி வீட்டு வாசலில் தொடங்காமல் சுரங்கத்தின் விளிம்பில் தொடங்குகிறது.

முதற்படி: சுரங்கம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முந்திரித் தோப்புகளும் செம்மண் மேடுகளுமாக இருந்த இந்தப் பகுதியில், 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட கருமையான பொருளே லிக்னைட் எனப்படும் பழுப்பு நிலக்கரியைப் பற்றிய ஆய்வுகளுக்கு வழி திறந்தது. அதன்பின் துளையிட்டுப் பார்த்த ஆய்வுகள் பல நடந்து, 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தோற்றுவிக்கப்பட்டது. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு முதல் சுரங்கத்தில் மண் அகற்றும் பணியைத் தொடங்கிவைத்தார். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தோண்டிய பிறகே, 1961 ஆகஸ்டில் லிக்னைட் படிவம் கண்ணுக்குத் தென்பட்டது. 1962-இல் சோவியத் உதவியுடன் கட்டப்பட்ட அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட். ஊரில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை, 'என்.எல்.சி.' என்றாலே போதும்.

இது பூமிக்கடியில் குடைந்து செல்லும் சுரங்கம் அன்று. மேலேயிருந்து அடுக்கடுக்காக மண்ணை நீக்கிக்கொண்டே இறங்கும் திறந்தவெளிச் சுரங்கம். லிக்னைட்டுக்கு மேலே பல பத்து மீட்டர் தடிமனுக்கு மண்ணும், கடலூர் மணற்கல் எனப்படும் கடினமான பாறையும் கிடக்கின்றன. அந்தப் பாறை எந்திரங்களின் பற்களை விரைவில் தேய்த்துவிடக் கூடியது என்பதால் தொடக்க ஆண்டுகளில் பொறியாளர்கள் பட்ட பாடு பெரிது. பெரிய சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள் பொருத்திய ஜெர்மானிய வகை எந்திரம் மண்ணை அரிந்தெடுக்க, அது கன்வேயர் பட்டைகள் வழியாக நெடுந்தூரம் சென்று, லிக்னைட் எடுத்து முடிந்த பள்ளத்தில் மீண்டும் கொட்டப்படுகிறது. ஊரைச் சுற்றி நீங்கள் காணப்போகும் மரம் மூடிய குன்றுகளுள் பல இயற்கையானவை அல்ல. கொட்டிய மண்மேட்டில் மரம் வளர்த்து உண்டானவை.

கிடைக்கும் லிக்னைட்டின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றும் இயல்பும் அதற்கு உண்டு. தொலைதூரம் கொண்டுசென்று விற்பது கட்டுப்படியாகாத எரிபொருள் இது. எனவே தோண்டிய இடத்திலேயே எரித்து மின்சாரமாக்கி, கம்பி வழியே அனுப்புகிறார்கள். சுரங்க வாசலிலேயே மின் நிலையங்களும், அவற்றின் அருகிலேயே குடியிருப்பும் அமைந்ததற்கு அடிப்படைக் காரணம் இதுவே. இன்று இங்கே முதல் சுரங்கம், 1-ஏ சுரங்கம், இரண்டாம் சுரங்கம் என மூன்று உள்ளன. ஆண்டுக்கு முறையே 1 கோடியே 5 லட்சம் டன், 30 லட்சம் டன், 1 கோடியே 50 லட்சம் டன் எடுக்கும் திறனுடையவை அவை. 600 மெகாவாட் திறனுடைய பழைய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. 1,000 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையமும், 1,470 மெகாவாட் இரண்டாம் நிலையமும், இரண்டு விரிவாக்க நிலையங்களும் இயங்குகின்றன. ஊரில் வழி கேட்டால் இவற்றின் பெயரைத்தான் அடையாளமாகச் சொல்வார்கள். ஆதலால் எந்தச் சுரங்கம், எந்த நிலையம் எந்தத் திசையில் உள்ளது என்று முதல் வாரத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

சுரங்கத்தை நேரில் பார்க்க விரும்பினால் பணியிலிருக்கும் ஒருவர் மூலமாக முறைப்படி அனுமதி பெற்றே செல்ல வேண்டும். சுரங்கங்களும் மின் நிலையங்களும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் காவலில் இருப்பவை. வாயிலருகே கைப்பேசியில் படம் எடுப்பதும், வேலியோரம் உலாவுவதும் வேண்டாத விசாரணையில் கொண்டு விடும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். ஆனால் அனுமதி கிடைக்கும்போது குடும்பத்தோடு ஒருமுறை பார்த்துவிடுவது மிக நல்லது. தந்தையோ தாயோ எங்கே வேலை செய்கிறார் என்பதை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்த பிள்ளை, வீட்டு விளக்கைப் போடும்போது அதன் விலையை அறிந்திருக்கும்.

இரண்டாம் படி: எங்கே இறங்குவது

சென்னையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் பேருந்துகளுள் பல நகரியத்துக்குள், அதாவது என்.எல்.சி.யின் குடியிருப்பு நகருக்குள், வருவதில்லை. நெடுஞ்சாலையில் உள்ள ஆர்ச் கேட்டில் இறக்கிவிட்டுச் சென்றுவிடும். அங்கிருந்து ஆட்டோவோ நகரப் பேருந்தோ பிடிக்க வேண்டும். பெட்டி படுக்கைகளோடு வருகிறவர்கள், மத்தியப் பேருந்து நிலையத்துக்குள் அந்தப் பேருந்து செல்லுமா என்று நடத்துநரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலை வேறொரு பக்கமாக, வடலூரையும் மந்தாரக்குப்பத்தையும் தொட்டுச் செல்கிறது. இரண்டாம் சுரங்கப் பக்கம் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இந்த வழியே அண்மை. நெய்வேலி ரயில் நிலையம் கடலூர் – விருத்தாசலம் பாதையில் இருக்கிறது. ஆயினும் தொலைதூர ரயில்களுக்கு விருத்தாசலம் சந்திப்பை நம்புவதே வழக்கம். சாலை வழியாகச் சென்னை சுமார் 200 கிலோமீட்டர், புதுச்சேரி சுமார் 60, கடலூர் 40-க்குள் அடங்கும்.

மூன்றாம் படி: வட்டங்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

நகரியம் ஏறத்தாழ முப்பது பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டுத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. தமிழில் எழுதும்போது அவற்றை 'வட்டம்' என்பார்கள். தாலுகாவைக் குறிக்கும் வட்டத்தோடு இதைக் குழப்பிக்கொண்டால் அரசுப் படிவங்களில் தவறு நேரும் என்பதால் இதைச் சொல்கிறேன். வட்ட எண், தெருப்பெயர், வீட்டு எண் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முகவரி முழுமையாகும். ஒரே தோற்றமுள்ள வீடுகள் வரிசையாக நிற்கும் ஊரில் 'மூலையில் மாமரம் உள்ள வீடு' என்ற அடையாளம் பயன்படாது. ஏனென்றால் மாமரம் எல்லா வீட்டிலும் இருக்கும்.

குடியிருப்பு ஒதுக்கீடு பணிநிலை, பணிமூப்பு, காலியாக உள்ள வீடுகள் ஆகியவற்றைப் பொறுத்தது. நகர நிர்வாக அலுவலகத்தில் விண்ணப்பித்த பின்பு காத்திருக்க நேரலாம். அதுவரை வெளியே வாடகைக்கு இருக்க எண்ணுகிறவர்கள் வடக்குத்து, இந்திரா நகர், வடலூர், மந்தாரக்குப்பம் ஆகிய இடங்களில் பார்ப்பதுண்டு. ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்ததும் சாமான்களை இறக்குவதற்கு முன்பு வீட்டை ஒருமுறை பகல் வெளிச்சத்தில் முழுமையாகச் சுற்றிப் பாருங்கள். பல வீடுகள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கட்டப்பட்டவை. கூரையில் ஒழுக்கு, மின்கம்பிகளின் நிலை, கழிவுநீர்க் குழாய், கதவுத் தாழ்ப்பாள், தோட்டத்து மரங்களின் கிளைகள் ஆகியவற்றைப் பார்த்து, குறைகளை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். குடியேறிய பின் வாய்மொழியாகச் சொல்லும் குறையைவிட, குடியேறும் முன் எழுத்தில் கொடுத்த குறை விரைவாகக் கவனிக்கப்படும்.

மரங்களைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த ஊரின் பேரழகு அதன் நிழற்சாலைகளும் தோட்டங்களுமே. அதே மரங்கள்தாம் 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடந்தபோது கூரைகளின் மீதும் கம்பிகளின் மீதும் சாய்ந்தன. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள்ளாகவே, வீட்டை ஒட்டிய காய்ந்த கிளைகளை அகற்றுமாறு விண்ணப்பித்துவிடுங்கள். தாமாகவே மரத்தை வெட்ட முற்படாதீர்கள். வீட்டைப் போலவே மரமும் நிறுவனத்துக்கு உரியது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும். நகரியம் மற்ற ஊர்களைப் போல நகராட்சி மன்றத்தால் ஆளப்படுவதன்று. சாலை, தெருவிளக்கு, குப்பை, குடிநீர் ஆகிய எல்லாவற்றுக்கும் நிறுவனத்தின் நகர நிர்வாகமே பொறுப்பு. எனவே குறைகளைத் தெரிவிக்க வார்டு உறுப்பினரைத் தேடாமல் அந்த நிர்வாகத்தை அணுகுங்கள். வேலியைத் தாண்டி வெளியே குடியிருப்பவர்களுக்கு ஊராட்சியோ பேரூராட்சியோ நகராட்சியோதான் பொறுப்பு. இந்த எல்லை எங்கே செல்கிறது என்று தெரியாமல் மனுவோடு அலைகிறவர்கள் பலர்.

நான்காம் படி: வேலையில் சேரும்போது

நிரந்தரப் பணியாளராகச் சேர்கிறவர்களுக்கு நிறுவனமே வழிகாட்டும். ஒப்பந்தத் தொழிலாளராகவோ, தொழில் பழகுநராகவோ வருகிறவர்களே கூடுதல் கவனம் கொள்ள வேண்டியவர்கள். சுரங்கத்தில் வேலைக்கு இறங்கும் எவருக்கும் முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனையும் அடிப்படைத் தொழிற்பயிற்சியும் தர வேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள நடைமுறை. பயிற்சிக்கென்றே 1966-இல் தனி விதிகள் வந்தன. ஒப்பந்தக்காரர் அவசரம் என்று சொல்லி இதைத் தாண்டி உள்ளே அழைத்தால் செல்லாதீர்கள். நகரும் கன்வேயர், சரியக்கூடிய மண்மேடு, பெரிய வாகனங்களில் ஓட்டுநரின் கண்ணுக்குப் படாத பகுதி ஆகியவற்றைப் பயிற்சியில் கற்காமல் அனுபவத்தில் கற்க முயல்வது உயிருக்கு ஆபத்து. மின் நிலையப் பணியும் அப்படியே. 2020-ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்து பல தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மாண்டவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

பணி அடையாள அட்டை, மாதந்தோறும் சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதிக் கணக்கு எண் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுங்கள். வைப்புநிதியில் தொகை செலுத்தப்படுகிறதா என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் பாருங்கள். ஒப்பந்தக்காரர் மாறும்போது பழைய சீட்டுகளே உங்கள் பணிக்காலத்துக்குச் சான்று. பல ஆண்டுகள் உழைத்தும் அதற்கான சான்று கையில் இல்லாமல் நிற்பவர்களைக் காணும்போது மனம் மிகவும் வருந்துகிறது.

ஐந்தாம் படி: ஷிப்டுக்கு ஏற்ப வீட்டை அமைத்தல்

சுரங்கமும் கொதிகலனும் இரவென்றும் விடுமுறையென்றும் நிற்பதில்லை. மூன்று ஷிப்டுகளாக வேலை நடக்கிறது. ஷிப்டு மாறும் நேரத்தில் சாலைகளில் சைக்கிளும் இருசக்கர வாகனமும் பேருந்தும் திரளும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர்கள் அந்த அரைமணி நேரத்தைத் தவிர்த்துப் புறப்படுவது நலம். இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் பகலில் தூங்குவார். ஆகவே குடியேறிய புதிதில் இருபுறத்து வீட்டாரிடமும் யாருக்கு எந்த ஷிப்டு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஆணி அடிப்பதையும் பாட்டை உரக்க வைப்பதையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்துகொள்ளலாம். நெய்வேலியில் நல்ல அண்டைவீட்டாராக இருப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. உங்கள் வீட்டிலேயே ஷிப்டுக்குச் செல்பவர் இருந்தால், தெருவை விட்டு விலகிய அறையைப் படுக்கையறையாக்கித் தடித்த திரையிடுங்கள்.

ஆறாம் படி: தண்ணீரும் தூசியும்

லிக்னைட் படிவத்துக்குக் கீழே அழுத்தம் மிகுந்த ஆர்ட்டீசியன் நீர்த்தேக்கம் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையான அழுத்தத்தோடு அது மேல்நோக்கித் தள்ளுகிறது. மேலே உள்ள மண்ணை அகற்றிவிட்டால் அந்த நீர் சுரங்கத்தின் அடித்தளத்தையே உடைத்துக்கொண்டு மேலேறிவிடும். எனவே சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருக்கிறார்கள். எடுக்கும் லிக்னைட்டைப் போலப் பல மடங்கு எடையுள்ள நீரை இதற்காக இறைக்க வேண்டியிருக்கிறது. அந்நீர் மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் பயன்படுகிறது. ஒரு பகுதி வயல்களுக்கும் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றின் பக்கமும் செல்கிறது. வறட்சிக் காலங்களில் நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீர் சென்னைக்கும் சென்றிருக்கிறது.

நகரியத்தில் குடியிருப்பவருக்கு இதனால் தண்ணீர்ப் பஞ்சம் தெரிவதில்லை. ஆனால் வேலிக்கு வெளியே உள்ள ஊர்களில், முன்பு எளிதில் கிடைத்த நீர் இப்போது ஆழத்துக்குப் போய்விட்டது என்று உழவர்கள் நெடுங்காலமாகக் குறைப்பட்டு வருகிறார்கள். ஆகவே நகரியத்துக்கு வெளியே வாடகைக்கு வீடு பார்க்கும்போது, ஆழ்துளைக் கிணற்றின் ஆழம் என்ன, கோடையில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, குடிநீர் வேறிடத்திலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கப் பயன்படுத்துவதற்கு முன் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவது பாதுகாப்பானது. நகரியத்துக்குள் இருப்பவர்களோ, குழாயைத் திறந்துவிட்டுத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும்போது அந்த ஊர்களைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அதற்கேற்பத் தூசியும் சாம்பலும் வரும். சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் அருகிலுள்ள பகுதிகளில் அது மிகுதி. சன்னல்களுக்கு நெருக்கமான வலை அடியுங்கள். பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது பயன் தரும். துணிகளைக் காலையிலேயே உலர்த்தி எடுத்துவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் ஒதுக்கீட்டின்போதே அதைக் குறிப்பிட்டு, தொலைவான வட்டத்தில் வீடு கேட்டுப் பார்க்கலாம்.

பள்ளி, மருத்துவம், கடைத்தெரு

இவற்றில் அதிகம் திகைக்க வேண்டியதில்லை. நிறுவனம் நடத்தும் பள்ளிகளும் ஜவகர் பள்ளி போன்றவையும் சமய அமைப்புகளின் பள்ளிகளும் நகரியத்திலேயே உள்ளன. கல்வியாண்டின் நடுவில் வருகிறவர்கள் மாற்றுச் சான்றிதழைக் கையோடு கொண்டுவந்தால் போதும். என்.எல்.சி. பொது மருத்துவமனையில் பணியாளர் குடும்பத்தினருக்கான மருத்துவ அட்டையை வந்த முதல் மாதத்திலேயே எடுத்துவிடுங்கள். நோய் வந்தபின் அதற்காக அலைவது துன்பம். பெரிய சிகிச்சைகளுக்குப் புதுச்சேரி ஜிப்மரை நாடுவது இப்பகுதியின் வழக்கம். முந்திரிப் பருப்பையும் பலாப்பழத்தையும் மட்டும் நகரியக் கடையில் வாங்காமல், பண்ருட்டிச் சாலையோரங்களில் விளைவித்தவர்களிடமே வாங்குங்கள். சித்திரை முதல் ஆடி வரை பலா மலிவாகக் கிடைக்கும். 1998-இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சி நடைபெறும் நாள்களை விசாரித்து வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

ஏழாம் படி: வேலிக்கு வெளியே சென்று பழகுங்கள்

நகரியத்துக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடலாம். ஆனால் அப்படி வாழ்கிறவர் நெய்வேலியில் பாதியைத்தான் அறிந்தவர். வில்லுடையான்பட்டு முருகன் கோயில், இங்கே நகரியம் வருவதற்கு முன்பிருந்த ஊர்களின் நினைவைத் தாங்கி நிற்பது. பங்குனி உத்திரத்தன்று சுற்றுப்பட்டு ஊர்கள் அனைத்தும் காவடியோடு அங்கே திரளும். அன்று வாகனத்தை எடுக்காமல் நடந்தே செல்லுங்கள். வடலூர் அண்மையிலேயே உள்ளது. வள்ளலார் 1867-இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்து வருவோர்க்குச் சோறு தந்துகொண்டிருக்கிறது. தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் சோதி தரிசனம். அந்த நாள்களில் கடலூர் – விருத்தாசலம் சாலையில் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சுற்றியுள்ள ஊர்களில் பழகும்போது ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். நீங்கள் குடியிருக்கும் வட்டமும், வேலைக்குச் செல்லும் சுரங்கமும், ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய முந்திரிக் கொல்லையாகவும் வயலாகவும் ஊராகவும் இருந்தவை. நிலம் கொடுத்தவர்களுள் வேலை பெற்றவர்களும் உண்டு. வேலைக்காகவும் உரிய இழப்பீட்டுக்காகவும் தலைமுறை கடந்து காத்திருப்பவர்களும் உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில், இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் வாய்க்கால் பணியின்போது, நின்ற நெற்பயிரின் மீதே மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின. அந்தக் காயம் ஆறவில்லை. புதிதாக வந்தவர் இந்த ஊர்களில் 'முன்னேற்றம்' பற்றிப் பாடம் நடத்தாமல் முதலில் காது கொடுத்துக் கேட்பதே முறை. மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதும், அதற்கு நிலம் தந்தவர்களுக்கு உரியது சேர வேண்டும் என்பதும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல.

எட்டாம் படி: மனை வாங்குவதற்கு முன்

பணி ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். ஒரு வாழ்நாள் முழுவதும் நட்டு வளர்த்த மாமரத்தை விட்டு ஐம்பத்தெட்டு, அறுபது வயதில் வெளியேறும் வருத்தம் இந்த ஊரில் எல்லா வீடுகளுக்கும் பொதுவானது. ஆகையால் வந்த சில ஆண்டுகளிலேயே வெளியே மனை வாங்க நினைப்பது இயல்பு. அவசரப்பட வேண்டாம். சுரங்கம் நகர்ந்துகொண்டே இருப்பது. லிக்னைட் எடுத்த பக்கத்தை மூடிவிட்டு, எடுக்காத பக்கம் நோக்கி முன்னேறும். இன்று அமைதியாகத் தெரியும் தோப்பு நாளை கையகப்படுத்தும் அறிவிக்கையில் இடம்பெறக் கூடும்.

எனவே மனைத் தரகர் காட்டும் வரைபடத்தை மட்டும் நம்பாமல், முதலில் அந்த நிலத்தின் புல எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு நில எடுப்புப் பணியைக் கவனிக்கும் வருவாய்த்துறை அலுவலகத்துக்குச் சென்று, அது ஏற்கெனவே வெளியான அறிவிக்கை எதிலாவது உள்ளதா, சுரங்கக் குத்தகை எல்லைக்குள் வருகிறதா என்று எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழி விடை போதாது. கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். அதன்பின் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு ஒப்புதல் ஆகியவற்றைச் சரிபாருங்கள். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்கள் வெவ்வேறு தாலுகாக்களில் விழுவதால், எந்த வட்டாட்சியர் அலுவலகம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பதைப் பத்திரத்தைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். கடைசியாக, அந்த மனைக்குப் பக்கத்தில் பயிர் செய்கிற ஒருவரிடம் சென்று, கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், நில எடுப்பு அளவைக்காரர்கள் இப்பக்கம் வந்தார்களா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு, அதன் பிறகே முன்பணம் கொடுங்கள்.